நூறு சொற்களுக்கு மிகாமல்

காளவாசல் தங்கராணி பேக்கரியில்
போட்டி வைத்திருக்கிறார்கள்.
மறக்க முடியாத பிறந்தநாள்,
நூறு சொற்களுக்கு மிகாமல்.
முதல் பரிசு டேபிள்டாப் கிரைண்டர்.
எங்கள் வீட்டுக் கிரைண்டரில்
போன ஆடியிலிருந்து ஒரு கல் சுற்றுவதில்லை.

கயல் என்னிடம் கேட்காமலே எழுதிவிட்டாள்.
ஒன்பதாவது படிக்கிறாள், இனிமேல் கேட்கமாட்டாள்.
இட்லித் தட்டுக்குப் பக்கத்தில் தாளை வைத்து
படிங்கப்பா என்றாள்.

படித்தேன்.
அந்தக் கேக்.

அன்றைக்கு அவளுக்கு நாலு முடிந்தது.
ஆட்டோவுக்கு எஃப்.சி. எடுத்த மாதம்,
சட்டைப் பையில் மொத்தமே நூற்றி எழுபது.
ராத்திரி ஒன்பதரைக்குக் கடைப் பையன்
"யாரோ ஆர்டர் குடுத்துட்டு வாங்க வரலண்ணே,
அட்வான்ஸ் போக நூத்தம்பது குடுங்க" என்றான்.
ரோஸ் கிரீமில் ஆங்கிலத்தில் ஆறெழுத்து.
ஷெரின்.
கத்தியால வழிச்சிரவா என்று கேட்டான்.
வழித்தால் தேமல் விழுந்த மாதிரி ஆகிவிடும்,
இருக்கட்டும் என்றேன்.

வைகைப் பாலம் ஏறி இறங்கும் வரைக்கும்
பிரசவத்துக்கு ஆள் ஏற்றினாற்போல ஓட்டினேன்.
செல்லூர் வீட்டில் தூங்காமல் இருந்தவள்
விரல் வைத்துக் கேட்டாள்,
இது என்ன, பாம்பு மாதிரி?
உன் பேரோட முதல் எழுத்து.
சுகந்தி தீப்பெட்டி தேடுகிற சாக்கில்
அடுப்படிப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

யூ.கே.ஜி. போனதும் பாம்பு எஸ் ஆகிவிட்டது.
போட்டோவைத் தூக்கிக்கொண்டு வந்து
"கே எங்கப்பா?" என்றாள்.
முதல் துண்டு ஒனக்குத்தானே ஊட்டுனேன்,
அதுல போயிருச்சு என்றேன்.
சிரித்தாள்.
அத்தோடு விட்டுவிட்டாள் என்றுதான்
இத்தனை வருஷம் நினைத்திருந்தேன்.

இப்போது தாளில் எல்லாம் இருக்கிறது,
நூற்றைம்பது ரூபாய் உட்பட.
யார் சொன்னா என்று நிமிர்ந்தால்
சுகந்தி தட்டுக் கழுவப் போயிருந்தாள்.

ஆனால் நூற்றிப் பதினாறு சொற்கள்.
பிறந்த நாள், பிறந்த நாள் என்று ஐந்து இடம்.
"சேத்து எழுதுனா ஒண்ணுதாம்ப்பா."
ஐந்து குறைந்தது.
'மிகவும்' மூன்று, அதையும் அடித்தாள்.
இன்னும் எட்டு.

கடைசி வரிய எடுத்துரு என்றேன்.
விரல் விட்டு எண்ணி வைத்திருந்தேன், சரியாக எட்டு:
'அன்று ஷெரின் வீட்டிலிருந்து ஏன் யாரும் கேக் வாங்க வரவில்லை?'
கேக் விக்கிற எடத்துல போயி
இதையெல்லாம் கேக்கலாமா?

பேனா மூடியைக் கடித்துக்கொண்டிருந்தாள்.
அப்புறம் ஸ்கேல் வைத்து
நடுவில் ஒரு வரியை அடித்தாள்.
'என் அப்பாவைப் போல் உலகத்தில் நல்லவர் வேறு யாரும் இல்லை.'
அதுவும் எட்டுதான்.

போட்டிப் பெட்டி என்பது
மூடியில் ஓட்டை போட்ட பிஸ்கட் டின்.
தாளை நாலாக மடித்துப் போட்டேன்.
உள்ளே விழுந்த சத்தமே இல்லை, அவ்வளவு கூட்டம்.
எவ்வளவு பேர் எவ்வளவு சந்தோஷமாகப்
பிறந்திருக்கிறார்கள் இந்த ஊரில்.

திரும்பும்போது கண்ணாடிக்குள் பார்த்தேன்.
அரைக் கிலோ, நீலக் கிரீம், மேலே ஒரு பிளாஸ்டிக் கார்.
பேரை எழுத்துக் கூட்டினேன். தருண்.
மணி ஒன்பதே முக்கால்.
"வாங்கலையாடா இத?"
இது வேறு பையன், செல்போனில் இருந்தான்.
வருவாங்கண்ணே என்றான், தலை நிமிராமல்.

வண்டியை ஓரங்கட்டினேன்.
மாட்டுத்தாவணிக்கு ஒரு குடும்பம் வந்தது,
சாமான் அதிகம், கேட்டதைக் கொடுத்திருப்பார்கள்.
ஆள் இருக்கு என்று சொல்லிவிட்டேன்.

பைபாஸ் பக்கமிருந்து திரும்புகிற
ஒவ்வொரு ஹெட்லைட்டும்
கடையைத் தொட்டுவிட்டுப் போகிறது.

பையன் கொக்கியைப் போட்டு
ஷட்டரைப் பாதி இழுத்தான்.
கொஞ்சம் பொறுடா என்றேன்.